உம்மாவுக்காக மூன்று பெட்டிகள்



வெளியூர்ப் பயணம் புறப்படுகின்ற நாளில் உங்கள் வீட்டுக் கூடம் எப்படி இருக்கும் என்பதைச் சற்று நினைத்துப் பாருங்கள். கட்டி முடித்த பைகள் ஒருபுறம். கட்டவேண்டிய பைகள் மறுபுறம். போர்வையைத் தேடுகிறவர் ஒருவர், மாத்திரைச் சீட்டைத் தேடுகிறவர் ஒருவர். எப்படியோ எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிவிடுகிறோம். ஆனால் வழியில் தேவைப்படுகின்ற பொருள் மட்டும் எல்லாப் பைகளுக்கும் அடியிலுள்ள பையின் அடியிலேதான் இருக்கும்! இது நம் எல்லோருக்கும் பழக்கமான சங்கடம். சிரித்து மறந்துவிடக் கூடிய சங்கடம் என்றே நானும் என் நாற்பத்தைந்து வயது வரை எண்ணியிருந்தேன். அப்படியன்று என்பதை 2022-ஆம் ஆண்டில் என் தாயார் ஒரு குவளைத் தண்ணீரைக் கொண்டு எனக்கு உணர்த்தினார்கள். அந்தக் கதையைத்தான் இங்கே சொல்ல விரும்புகிறேன்.

புறப்பட வேண்டிய காரணம்

நாங்கள் மேலப்பாளையத்தைச் சேர்ந்தவர்கள். என் தாயார் பிறந்த ஊர் பரங்கிப்பேட்டை. என் தந்தையார் அவ்வூர் ஜவுளிக் கடையொன்றில் கணக்கெழுதிக் கொண்டிருந்த காலத்தில் நடந்த திருமணம் அது. உம்மாவுக்கு உடன்பிறந்தவர் ஒரே ஒரு அக்காள், எங்களுக்குப் பெரியும்மா. இருவரும் கடைசியாகச் சந்தித்துக் கொண்டது 2019-ஆம் ஆண்டில். அடுத்த ஆண்டு மார்ச்சில் ஊரடங்கு வந்தது. அதன்பின் ஒன்று மாற்றி ஒன்றாகத் தடைகள். 2022 ஜனவரியில், பெரியும்மா படுக்கையை விட்டு எழுவதில்லை என்னும் செய்தி வந்தது. "லாத்தாவ ஒரு தடவ பாத்துட்டு வந்துடணும்" என்று உம்மா சொன்னார்கள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

உம்மாவுக்கு எழுபது வயதைக் கடந்துவிட்டது. இரண்டு முழங்கால்களும் மடங்குவதில்லை. காலையும் இரவும் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை இயற்கைத் தேவைக்காக இறங்கவும் வேண்டும். இந்நிலையில் பேருந்தும் இரயிலும் எங்ஙனம் ஒத்துவரும்? பேருந்தின் படியே அவர்களுக்கு ஒரு மலை.

என் மச்சானிடம் பழைய ஆம்னி வேன் ஒன்று இருந்தது. 2019-ஆம் ஆண்டோடு உற்பத்தி நின்றுபோன வண்டி என்றாலும், நம் ஊர்களில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. எட்டுப் பேர் அமரும் வகை அது. நடு இருக்கையும் பின்னிருக்கையும் ஒன்றையொன்று பார்த்தபடி இருக்கும். பக்கக் கதவு தள்ளித் திறப்பது. "இதுலயே ஒரு சின்ன வீட்டக் கட்டிட்டா என்ன மச்சான்?" என்று அவர் விளையாட்டாகக் கேட்டார். நான் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

வண்டிக்குள் வீடு

வண்டிக்குள் வீட்டை அடக்கும் எண்ணம் புதியதன்று. கல்லூரியில் வரலாறு பயின்றவன் என்பதால் இரண்டு செய்திகள் என் நினைவில் இருந்தன. அமெரிக்காவின் டெக்சாஸ் பகுதியில் சார்லஸ் குட்நைட் என்னும் மாட்டு மந்தைக்காரர் 1866-ஆம் ஆண்டில் ஒரு வண்டியின் பின்புறத்தில் அலமாரி ஒன்றைப் பொருத்தினார். அதற்குள் சிறுசிறு அறைகளும் இழுப்பறைகளும் இருந்தன. அலமாரியின் கதவைக் கீழ்நோக்கித் திறந்தால் அதுவே சமையல் மேசையாகிவிடும். பல மாத காலம் மந்தையோடு நடக்கின்ற ஆட்களுக்கு மாவு, காப்பிக்கொட்டை, மருந்து எல்லாம் அந்த ஒரே அலமாரியில் அடங்கின.

மற்றொன்று ஜெர்மனியில் நிகழ்ந்தது. 1951-ஆம் ஆண்டில் வெஸ்ட்பாலியா என்னும் நிறுவனம் வோக்ஸ்வாகன் வேனுக்காகப் பெட்டி வடிவில் ஒரு சாமான் தொகுதியைச் செய்தது. விடுமுறை நாளில் அதை வண்டிக்குள் வைத்தால் படுக்கையும் அலமாரியும் கிடைக்கும். வேலை நாளில் வெளியே எடுத்துவிட்டால் அதே வண்டி சரக்கு ஏற்றப் பயன்படும். பிற்காலத்தில் மேலைநாடுகளில் பெருகிய வீட்டு வேன்களுக்கு இந்தப் பெட்டியே ஒரு முன்னோடி.

நம் நாட்டுக் கூட்டு வண்டியை மட்டும் என்ன சொல்வது! வைக்கோலைப் பரப்பி அதன்மேல் பாய் விரித்தால் மெத்தை. வழியில் அந்த வைக்கோலே மாட்டுக்குத் தீனி. வண்டிக்கு அடியில் தொங்கும் அரிக்கேன் விளக்கு. ஒரே பொருளை இரண்டு வேலைக்குப் பயன்படுத்தும் இந்தச் சிக்கனம் நம் பாட்டனார்களுக்குத் தெரிந்திருந்தது.

ஜெர்மானியரின் முறையே எங்களுக்கு ஏற்றதாகப் பட்டது. காரணம், சட்டம். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றிதழில் கண்ட விவரங்கள் மாறிப்போகும் வகையில் வண்டியின் அமைப்பை நம் விருப்பம்போல் மாற்றக் கூடாது. ஆகவே இருக்கையைக் கழற்றவோ, தகட்டில் துளை போடவோ வேண்டாம் என்று முடிவு செய்தோம். வைத்தால் பெட்டி, எடுத்தால் வண்டி, அவ்வளவுதான்.

முதல் பெட்டிகள்

எங்கள் தெருவை அடுத்து ஓர் ஆசாரி இருக்கிறார். என் தந்தையார் காலத்துப் பழக்கம். அவருடைய பட்டறையில் ஒரு வாரம் மாலை நேரங்களைக் கழித்தேன். மதரஸாவில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்துவிட்டு நேரே அங்குதான் போவேன்.

அவர் முதலில் பலகையைத் தொடவில்லை. பழைய அட்டைப் பெட்டிகளைக் கொண்டுவரச் சொல்லி, அட்டையிலேயே பெட்டியின் வடிவத்தை வெட்டி வண்டிக்குள் வைத்துப் பார்த்தார். வண்டியின் பக்கச் சுவர் நேராக நிற்பதில்லை, மேலே போகப் போக உள்நோக்கிச் சாய்கிறது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. தரையில் ஓர் அளவு, நடுவில் ஓர் அளவு, மேலே ஓர் அளவு என மூன்று இடங்களில் அளக்க வேண்டும். அவற்றுள் குறைந்ததையே கொள்ள வேண்டும். அதிலும் இருபுறமும் ஒரு விரற்கடை குறைத்துச் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் பெட்டி உள்ளே போகும், வெளியே வராது.

மூன்று பெட்டிகள் செய்தோம். எதிரெதிர் இருக்கைகளுக்கு நடுவிலுள்ள பள்ளத்தை நிரப்பும் பெரிய பெட்டி முதலாவது. அதன் உயரம் இருக்கையின் உயரத்துக்குச் சரியாக இருந்ததால், மேலே மெத்தை விரித்தவுடன் இரண்டு இருக்கைகளும் பெட்டியும் சேர்ந்து ஒரே கட்டிலாகின. உம்மா பின்னிருக்கையில் சாய்ந்து கால்களை நீட்டி அமரலாம். வண்டி நின்ற பிறகு கால்களைச் சற்று மடக்கிப் படுக்கலாம். பின்னிருக்கைக்கும் பின்கதவுக்கும் இடையில் நிறுத்திவைக்கும் ஒடுங்கிய பெட்டி இரண்டாவது. இருக்கைக்கு அடியில் நுழையும் தட்டையான பெட்டி மூன்றாவது.

ஒட்டுப்பலகை கனமானது என்பதால் பெரிய பெட்டிக்கு மட்டும் அதைப் பயன்படுத்தினோம். மற்றவற்றுக்குச் சட்டம் மட்டும் ரீப்பர், பக்கங்களுக்குக் கள்ளிப்பலகை. மூலைகளை இழைத்து உருட்டினோம். கைப்பிடிக்குப் பதிலாக இரண்டு விரல் நுழையும் துளை போட்டோம். துருத்திக்கொண்டிருக்கும் கைப்பிடி முழங்காலைப் பதம் பார்க்கும். பெட்டிகளின் அடியில் பழைய சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டினோம். அதனால் நழுவலும் இல்லை, கிறீச்சொலியும் இல்லை. பெட்டிகளை இருக்கைக் கால்களோடு நாடாவால் இறுகக் கட்டினோம். பிரேக் பிடிக்கும்போது வண்டிதான் நிற்குமே தவிர, கட்டாத பெட்டி நிற்காது, அது வந்த வேகத்திலேயே முன்னால் பாயும் என்று மச்சான் எச்சரித்திருந்தார்.

எனக்குத் தனிப் பெருமை அளித்தது மருந்துக்கான அறை. மண்சட்டிக்குள் சிறிய சட்டியை வைத்து, இடையில் ஈரமணலை நிரப்பி, மேலே ஈரத்துணி போட்டால் உள்ளே குளிர்ச்சி நிற்கும் அல்லவா? அந்தச் சட்டியை வைப்பதற்கென்றே பெரிய பெட்டிக்குள் நான்கு பக்கமும் மூடிய ஓர் அறையைச் செய்தேன். சிறு மூடியும் கீலும் போட்டு, தாழ்ப்பாளும் வைத்தேன். பார்த்தவர்கள் எல்லோரும் பாராட்டினார்கள்.

நிறைந்திருந்த குவளை

நெடும்பயணத்துக்கு முன் ஒத்திகை பார்க்க எண்ணி, ஒரு வெள்ளிக்கிழமை மாலை காயல்பட்டினத்துக்குப் புறப்பட்டோம். ஏறக்குறைய 50 கிலோமீட்டர். மச்சான் வண்டியை ஓட்டினார். பின்னால் உம்மாவும் என் மனைவியும். தாமிரபரணிக் கரையின் வயல்களையும் வாழைத் தோட்டங்களையும் பார்த்துக்கொண்டு உம்மா மகிழ்ச்சியாகவே வந்தார்கள். ஸ்ரீவைகுண்டத்தில் "இறங்க வேண்டுமா உம்மா?" என்று கேட்டேன். "வேண்டாம் வாப்பா" என்றார்கள். குரும்பூரில் கேட்டேன். அதே பதில். பரவாயில்லையே, உம்மாவுக்குப் பயணம் ஒத்துக்கொண்டதே என்று நான் மகிழ்ந்தேன்.

காயல்பட்டினத்தில் உறவினர் வீட்டை அடைந்தபோது உம்மாவால் நிற்க முடியவில்லை. உதடுகள் உலர்ந்திருந்தன. என் மனைவி தனியே என்னை அழைத்து ஒரு குவளையைக் காட்டினாள். மேலப்பாளையத்தில் ஊற்றிக் கொடுத்த தண்ணீர். ஒரு மிடறு கூடக் குறையவில்லை.

"ஏன் உம்மா குடிக்கல?" என்று கேட்டேன்.

சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டுச் சொன்னார்கள்: "குடிச்சா எறங்கணும். எறங்கணும்னா அந்த நாற்காலிய எடுக்கணும். அதுக்கு என்னய எழுப்பி, மெத்தயச் சுருட்டி, மூடியத் தூக்கணும். வண்டி ஓட்டுற புள்ளயும் நீயும் எத்தன தடவ அதச் செய்வீங்க வாப்பா?"

வாசகர்களே, அப்போதுதான் என் கண் திறந்தது. நடுவில் துளையிட்ட மடக்கு நாற்காலியையும், மறைப்புத் திரையையும் நான் பெரிய பெட்டிக்குள் வைத்திருந்தேன். பெரிய பொருளுக்குப் பெரிய பெட்டி என்பது என் கணக்கு. அந்தப் பெட்டியின் மூடியோ மேல்நோக்கித் திறப்பது. அதன் மேல்தான் உம்மாவின் கால்கள் இருந்தன. அவர்களுக்கு மிகவும் தேவையான பொருளை, அவர்களை எழுப்பினாலன்றி எடுக்க முடியாத இடத்தில் வைத்துவிட்டு, "இறங்க வேண்டுமா?" என்று பரிவோடு கேட்டுக்கொண்டிருந்தேன்!

எடுப்பதற்குக் கடினமான பொருள் கேட்பதற்கும் கடினமாகிவிடுகிறது. பிள்ளைகள் கேட்டுவிடுவார்கள். நமக்கு வயது ஏறஏற, கேட்பதற்குப் பதிலாகத் தேவையைக் குறைத்துக்கொள்கிறோம். சர்க்கரை நோயுள்ள ஒரு முதியவர் தாகத்தை அடக்கிக்கொள்வது எவ்வளவு ஆபத்தானது என்பதை நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

அன்றிரவு இன்னொன்றும் வெளிப்பட்டது. மருந்துச் சட்டியைத் திறந்த என் மனைவி, "இது குளிரவே இல்லையே" என்றாள். தாழ்ப்பாள் போட்ட என் அழகிய அறைக்குள் அது வெதுவெதுப்பாக இருந்தது. ஈரம் ஆவியாகிப் போனால்தான் சட்டி குளிரும். ஆவி போவதற்குக் காற்று வேண்டும். நான் காற்றையும் சேர்த்துப் பூட்டி வைத்திருந்தேன். மேலும் ஆம்னியின் இன்ஜின் முன்னிருக்கைகளுக்கு அடியில் இருப்பது. என் மருந்து அறையோ அதற்கு அருகே முன்பக்கம் பார்த்து இருந்தது. ஒரே மாலையில் இவ்வளவு பிழைகள் தெரியவந்ததற்கு அல்ஹம்துலில்லாஹ்! பரங்கிப்பேட்டைக்குப் பாதி வழியில் இவை தெரிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

சுண்ணக்கட்டிக் கோடு

திரும்பி வந்த மறுநாள் நான் ஆசாரியிடம் போகவில்லை. அவரை எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தேன். வண்டியை வாசலில் நிறுத்தி, உம்மாவை அதில் அமர்த்தினோம். "எழும்பாம, குனியாம, உங்க கை எதுவரைக்கும் போகுதுன்னு காட்டுங்க" என்றார் ஆசாரி. உம்மா வலக்கையை நீட்டினார்கள், இடக்கையை நீட்டினார்கள். கை எட்டிய இடத்திலெல்லாம் அவர் சுண்ணக்கட்டியால் கோடு போட்டார். அளவுகோலால் அளந்த பெட்டியை அன்று கையால் அளந்தோம்.

கோட்டுக்கு உள்ளே எவை இருக்க வேண்டும் என்று உம்மாவையே கேட்டோம். தண்ணீர்ப் பாட்டில், மாத்திரை டப்பா, மூக்குக் கண்ணாடி, தஸ்பீஹ், சிறு டார்ச் விளக்கு, ஒரு துவாலை, ஒரு பிடி பேரீச்சம்பழம். இவ்வளவுதான். நான் முதலில் பட்டியலிட்டபோது இவற்றுள் டார்ச் விளக்கும் பேரீச்சம்பழமும் இடம்பெறவே இல்லை. சர்க்கரை திடீரெனத் தாழ்ந்துவிட்டால் இரவில் யாரையும் எழுப்பாமல் எடுத்துச் சாப்பிடுவதற்கு அந்தப் பழம் என்று உம்மா விளக்கினார்கள்.

பிறகு பெரிய பெட்டியை வெட்டினோம். மேல்மூடியை ஆணியடித்து நிரந்தரமாக மூடிவிட்டு, கதவுப் பக்கமாகத் திறக்கும்படி பக்கவாட்டில் வாய் வைத்தோம். நாற்காலியும் திரையும் அதில் முதல் பொருள்கள். பக்கக் கதவைத் தள்ளினால் போதும். அரை நிமிடத்தில் வெளியே வந்துவிடும், மேலே அமர்ந்திருப்பவர் அசைய வேண்டியதில்லை. உம்மாவின் வலக்கைப் பக்கத்தில் மூடியில்லாத ஒரு மாடம். மூடி இருந்தால் அதைத் திறக்க இன்னொரு கை வேண்டும் அல்லவா? பொருள்கள் விழாமலிருக்க நான்கு விரல் உயரத்தில் குறுக்குச் சட்டம் மட்டும் வைத்தோம். மருந்துச் சட்டிக்குச் சன்னலோரத்தில் ரீப்பர் சட்டங்களால் ஒரு கூண்டு. காற்று வரும், வெயில் படாது. இருபது லிட்டர் தண்ணீர்க் கேன் இருபது கிலோ எடையுள்ளது. அதைத் தரையோடு தரையாக வைத்தோம். ஒளுச் செய்வதற்குக் குழாய் பொருத்திய சிறு கேனைப் பின்கதவருகே வைத்தோம். பத்தமடைப் பாய் இரண்டு, சுருட்டிய நிலையில் கூரையோரம் நாடாவில் தொங்கின.

எரிவாயு அடுப்பைக் கொண்டுபோகலாம் என்று மச்சான் விரும்பினார். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தரையில் தங்கும். மூடிய வண்டிக்குள், பெட்டிகளுக்கு இடையில் அது தங்கினால் என்ன ஆகும்? வேண்டாம் என்று விட்டுவிட்டோம். புளிச்சோறும் துவையலும் ஒரு நாள் தாங்கும். தேநீருக்குக் கடை இல்லாத ஊர் தமிழ்நாட்டில் உண்டா? அடுப்பை விட்டதில் மிஞ்சிய இடம் என் மனைவியின் கால் நீட்டும் இடமாயிற்று.

கடலோரப் பாதை

பிப்ரவரி மாதத்தில் ஒருநாள் ஃபஜ்ருத் தொழுகைக்குப் பின் புறப்பட்டோம். மதுரை வழியாகப் போனால் விரைவில் போகலாம். நாங்கள் தேர்ந்தெடுத்ததோ கடலோரப் பாதை. ஏறக்குறைய 500 கிலோமீட்டர், இரண்டு நாள் பயணம். அந்தப் பாதையில் நெரிசல் குறைவு. நினைத்த இடத்தில் ஓரமாக நிறுத்தலாம். ஊருக்கு ஊர் தெரிந்தவர்களும் உண்டு.

தூத்துக்குடியின் உப்பளங்களில் வெள்ளைக் குவியல்கள் காலை வெயிலில் கண்ணைக் கூசச் செய்தன. வேம்பார் தாண்டியதும் பனைமரங்கள். சாயல்குடிப் பக்கம் சாலையோரத்தில் பெண்கள் பனங்கிழங்கையும், ஓலைக் கொட்டான்களில் கருப்பட்டியையும் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தார்கள். உம்மா வண்டியை நிறுத்தச் சொன்னார்கள். அவர்கள் கேட்டது கருப்பட்டியை அன்று, வெறும் கொட்டானை! இரண்டு ஓலைக் கொட்டான்களை வாங்கி மாடத்துக்குள் வைத்துப் பார்த்தார்கள். கச்சிதமாக உட்கார்ந்தன. அதுவரை உருண்டுகொண்டிருந்த மாத்திரை டப்பாவும் கண்ணாடியும் அதற்குள் அடங்கின. ஓலை கனமில்லாதது, சத்தம் போடாது, அழுத்தினால் வளைந்து கொடுக்கும். ஒரு வாரம் பலகையோடு போராடிய எனக்கு இது தோன்றவில்லையே!

கீழக்கரையில் லுஹர் தொழுதோம். மரக்கலம் ஓட்டிய முன்னோர்களின் ஊர் அது. மரக்கலத்திலும் இடம் கொஞ்சம், பயணமோ பல மாதம். எதை எங்கே வைப்பது என்ற கேள்வி அவர்களுக்கும் இருந்திருக்கும் என்று எண்ணிக்கொண்டேன். இராமநாதபுரத்தைக் கடந்து, சீமைக்கருவேலம் மண்டிய வெளிகளினூடே வடக்கே போய், மஃரிப் நேரத்தில் தொண்டியை நெருங்கினோம்.

அந்தப் பகுதியில் ஒரு பள்ளிவாசலின் வெளி வளாகத்தில் வண்டியை நிறுத்த அனுமதி கேட்டோம். மோதினார் அவர்கள் இன்முகத்தோடு இடம் காட்டினார். நானும் மச்சானும் வெளித் திண்ணையில் பாய் விரித்தோம். உம்மாவும் என் மனைவியும் வண்டிக்குள். கடற்காற்றில் ஈரம் மிகுதி என்பதால் மண்சட்டி நெல்லையில் குளிர்ந்ததுபோல் அங்கே குளிரவில்லை. இதை எதிர்பார்த்து அகன்ற வாய்ப் பிளாஸ்க் ஒன்றை வைத்திருந்தோம். மீன்பிடித் துறையில் கொஞ்சம் ஐஸ் வாங்கி அதில் போட்டு, மருந்தைத் துணியில் சுற்றி டப்பாவில் அடைத்து, ஐஸ் நேரே படாதவாறு வைத்தோம். இன்சுலின் உறைந்துபோனால் அதைப் பயன்படுத்தக் கூடாது.

நள்ளிரவில் எனக்கு விழிப்பு வந்தது. வண்டிக்குள் சிறு டார்ச்சின் வெளிச்சம் எரிந்தது. உம்மா தண்ணீர் குடிக்கும் ஓசை கேட்டது. பிறகு வெளிச்சம் அணைந்தது. யாரும் எழவில்லை, யாரும் யாரையும் கூப்பிடவில்லை. நான் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

மறுநாள் மீமிசல், கோட்டைப்பட்டினம், மணமேல்குடி எனப் பாதை நீண்டது. 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்துப்போட்ட தென்னந்தோப்புகளின் இடத்தில் இளங்கன்றுகள் ஆளுயரத்துக்கு நின்றன. அதிராம்பட்டினம், முத்துப்பேட்டையின் அலையாத்திக் காடுகள், நாகூர், காரைக்கால் எல்லாம் கடந்தோம். வழியில் ஏழு முறை வண்டியை நிறுத்தியிருப்போம். உம்மாவே "அந்த மரத்தடியில நிறுத்து வாப்பா" என்று சொன்னார்கள். அச்சொல்லைக் கேட்கும்போதெல்லாம் என் மனம் குளிர்ந்தது. சீர்காழி, சிதம்பரம் வழியாக அஸ்ருக்குப் பின் பரங்கிப்பேட்டைக்குள் நுழைந்தோம்.

வெள்ளாற்றின் முகத்துவாரம்

வெள்ளாறு கடலோடு கலக்கும் இடத்தில் உள்ளது அவ்வூர். போர்த்துக்கீசியர் காலத்திலிருந்து போர்ட்டோ நோவோ என்றும், நம்மவர்களால் மஹ்மூது பந்தர் என்றும் வழங்கப்பட்ட பழைய துறைமுகம். 1781-ஆம் ஆண்டில் ஹைதர் அலியின் படையும் ஆங்கிலேயர் படையும் மோதியது இதன் அருகேதான். ஆனால் அன்று உம்மாவுக்கு அவ்வூர் ஒரே ஒரு வீடாகத்தான் இருந்தது.

பெரியும்மா கட்டிலில் கிடந்தார்கள். உம்மாவைக் கைத்தாங்கலாக உள்ளே அழைத்துப் போனோம். இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பேசாமலிருந்தார்கள். நாங்கள் வெளியே வந்துவிட்டோம்.

அடுத்த நாள் காலையில் பெரியும்மாவுக்குச் சற்றுத் தெளிவிருந்தது. தங்கை எப்படி வந்து சேர்ந்தாள் என்று விசாரித்தார்கள். உம்மா பெட்டிகளைப் பற்றியும், சுண்ணக்கட்டிக் கோட்டைப் பற்றியும், ஓலைக் கொட்டானைப் பற்றியும் சொன்னார்கள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நானும் அதுல ஏறலாமா?" என்று கேட்டார்கள் பெரியும்மா. அவர்கள் வீட்டு வாசலைத் தாண்டி ஓராண்டுக்கு மேலாகியிருந்தது.

அவர்களுடைய மக்களும் நாங்களும் நாற்காலியோடு தூக்கிவந்து வண்டியில் அமர்த்தினோம். பின்னிருக்கையில் சாய்த்து, பெட்டியின் மேல் கால்களை நீட்டி வைத்தோம். அருகில் உம்மா, எதிரே அவர்களைப் பிடித்துக்கொள்ள என் மனைவி. மாட்டு வண்டியின் வேகத்தில் மச்சான் வண்டியை முகத்துவாரத்துக்கு ஓட்டினார். படகுகள் கரையேறிக் கொண்டிருந்தன. பக்கக் கதவை முழுவதும் திறந்துவிட்டோம். சிறுமிகளாய் விளையாடிய அந்த மணல்வெளியை இருவரும் ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எந்த வீடு எங்கே இருந்தது, யாருடைய தோணி எந்தத் துறையில் நிற்கும் என்று இருவருக்கும் சிறு தர்க்கம்கூட நடந்தது. நடுவில் பெரியும்மா, யாரையும் கேளாமல், கையை நீட்டி மாடத்திலிருந்து தண்ணீர்ப் பாட்டிலை எடுத்துக் குடித்தார்கள். உம்மாவின் கைக்கு அளந்த மாடம் அக்காளின் கைக்கும் எட்டியது.

என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் கடலைப் பார்த்தேன்.

அவ்வாண்டு மழைக்காலத்தில் பெரியும்மா வஃபாத்தானார்கள். அல்லாஹ் அவர்களுக்கு அருள்புரிவானாக! அந்தச் செய்தி வந்த அன்று உம்மா அழுதார்கள். ஆனால் பார்க்காமல் போய்விட்டோமே என்று அழவில்லை. மச்சான் வேனை விற்றுவிட்டார். பெட்டிகள் எங்களிடமே இருக்கின்றன. மாடம் வைத்த பெரிய பெட்டி இப்போது உம்மாவின் கட்டிலருகே, வலக்கைப் பக்கத்தில் இருக்கிறது; அதற்குள் அதே ஓலைக் கொட்டான்.

அன்பர்களே, இப்போது சொந்த வண்டியிலும் வாடகை வேனிலும் குடும்பத்தோடு பயணம் போவது பெருகியிருக்கிறது. பெட்டி செய்யுங்கள், பை தையுங்கள், அட்டையில் அளவெடுங்கள். கனமானதைத் தரையில் வையுங்கள், எல்லாவற்றையும் நாடாவால் கட்டுங்கள். ஆனால் பலகையை அறுப்பதற்கு முன், உங்களோடு வரப்போகின்ற பெரியவரை வண்டியில் அமர்த்தி, அவர்களின் கை எதுவரை எட்டுகிறது என்று பாருங்கள். புறப்பட்ட பிறகு, ஒரு மணி நேரம் கழித்து, அவர்களுக்குக் கொடுத்த குவளையையும் ஒருமுறை எட்டிப் பாருங்கள்.